வழியுரிமையின் விலை: நில அபிவிருத்தியும் வீட்டுக்காரரும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு வீட்டிலிருந்து பெருந்தெருவை அடைவதற்கு அயற்காணியினூடாக ஒரு பாதை செல்கிறது. அப்பாதையாற் போய்வரும் உரிமை வீட்டுக்காரரின் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு தலைமுறைகளாக அதற்கு எவரும் விலை பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் எழவில்லை. பின்னர் அயற்காணி கைமாறுகிறது. புதிய உடைமையாளர் தோட்டஞ்செய்ய வந்தவரல்லர்; காணியைத் துண்டுகளாக்கி வீடு கட்டி விற்க வந்தவர். அவருடைய வரைபடத்தின் குறுக்கே அந்தப் பாதை கிடக்கிறது. பாதைக்கும் ஒரு விலையுண்டு என்பது அன்றுதான் வெளிப்படுகிறது.

அவ்விலை யாது? அதனை எவ்வாறு கணிப்பது? சட்டமும் மதிப்பீட்டுத் தொழிலும் இவ்வினாவுக்கு நெடுங்காலமாக விடை தேடிவந்துள்ளன. அவ்விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவன. அம்முரண்பாடு தற்செயலானதன்று என்பதும், நிலத்தின் பெறுமதி எவருக்குச் சேரவேண்டும் என்ற சமூக வினாவே அதன் அடியில் உள்ளது என்பதும் நமது கருத்தாகும். இக்கருத்தை நிறுவும்பொருட்டு, இலங்கைக்கு வந்துசேர்ந்த உரோம-ஒல்லாந்தச் சட்ட மரபையும், இது பற்றிய வழக்குகள் மிகுதியாக எழுந்த இங்கிலாந்தின் அனுபவத்தையும் ஈண்டு ஒப்புநோக்குவாம்.

மூன்று அளவுகோல்கள்

வரலாற்றினுட் புகுமுன் கணிப்பு முறைகளைத் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். அயற்காணியின் பரப்பு ஓர் ஏக்கர், அதாவது 160 பேர்ச். அதனூடாகச் செல்லும் பாதை 10 அடி அகலமும் 100 அடி நீளமும் உடையது. அதன் பரப்பு 1,000 சதுர அடி, ஏறக்குறைய 3.7 பேர்ச். பாதை உள்ளவாறே இருக்குமாயின் காணியின் விலை 100 பங்கு எனவும், பாதை நீங்கி முழுக்காணியையும் விரும்பியவாறு பிரிக்கலாமாயின் 130 பங்கு எனவும் கொள்வோம்.

முதலாவது அளவுகோல் பாதை கிடக்கும் மண்ணை அளப்பது. 160 பேர்ச் 100 பங்காயின், 3.7 பேர்ச் ஏறக்குறைய 2.3 பங்கு. இரண்டாவது, வீட்டுக்காரரின் இழப்பை அளப்பது: பாதையோடு கூடிய வீட்டின் விலைக்கும் பாதையற்ற வீட்டின் விலைக்கும் உள்ள வேறுபாடு. வேறு பாதை இல்லையெனில் வீடு ஏறக்குறைய விலையற்றதாகிவிடும். ஒத்த வசதியுள்ள மாற்றுப்பாதை கிடைக்குமெனில் இழப்பு மிகச் சிறிது. மூன்றாவது, அபிவிருத்தியாளரின் ஆதாயத்தை அளப்பது. பாதை நீங்குவதால் அவர் அடைவது 30 பங்கு. அந்த 30இல் வீட்டுக்காரருக்கு எத்தனை என்பதே இங்கு கேள்வி. மூன்றில் ஒன்றெனில் 10 பங்கு.

ஒரே பாதை ஓர் அளவுகோலால் 2.3 பங்காகவும், இன்னொன்றால் ஒன்றுமில்லாததாகவும், பிறிதொன்றால் 10 பங்காகவும் தோன்றுகிறது. பாதையின் நீள அகலங்கள் மாறவில்லை. ஆகவே எந்த அளவுகோலை எடுப்பது என்று தீர்மானிப்பவர் விலையையும் தீர்மானித்துவிடுகிறார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

உரோம-ஒல்லாந்த மரபு

வழியுரிமையை ஒரு நிலம் மற்றொரு நிலத்துக்குச் செய்யும் ஊழியமாகக் கண்டவர் உரோமர். உரிமை மனிதருக்குரியதன்று, நிலத்துக்குரியது. உடைமையாளர் மாறினும் ஊழியம் மாறாது. கால்நடையாகச் செல்லும் வழி, விலங்குகளை ஓட்டிச்செல்லும் வழி, வண்டிவழி என மூவகைப் பாதைகளை அவர்கள் வகுத்தனர். வண்டிவழி நேரான இடத்தில் 8 அடியும் வளைவில் 16 அடியும் இருத்தல்வேண்டுமெனப் பன்னிரு பட்டயங்கள் விதித்தன. வண்டி திரும்புவதற்கு எத்துணை இடம் வேண்டுமோ அத்துணை அகலம் என்பதே இவ்விதியின் அடிப்படை. பயன்பாடே அங்கு அளவாக இருந்தது. விலை பற்றிய சிந்தனை அதில் இல்லை.

இச்சட்டம் ஒல்லாந்திலே குறோசியஸ், வூட் முதலிய அறிஞர்களால் விரித்துரைக்கப்பட்டது. கடல்வழி வந்த ஒல்லாந்தக் கம்பெனியுடன் 17 ஆம் நூற்றாண்டில் அது இலங்கையை அடைந்தது. பிரித்தானியர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அதனைத் தொடர அனுமதித்தனர். அம்மரபின் சிறப்புக்குரிய கோட்பாடுகளுள் ஒன்று தேவைவழி. பெருந்தெருவுக்குச் செல்ல எவ்வழியுமின்றி அடைபட்ட காணிக்கு, அயற்காணியினூடாக வழிகோரும் உரிமையைச் சட்டம் அளிக்கிறது. அவ்வழி பெருந்தெருவுக்கு மிக அண்மையானதாகவும், அயலவருக்கு மிகக் குறைந்த சேதம் விளைப்பதாகவும் அமைதல் வேண்டும்.

தேவைவழிக்கு விலை உண்டா? இம்மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் இதனை ஆராய்ந்தது. நிலையான தேவைவழியைப் பெறுபவர் அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்பதே அதன் முடிபு. ஆயினும் அயலவர் ஒரேயடியாக மறுத்துவிட முடியாது. தாம் விரும்பிய விலையைக் கூறிக் காத்திருக்கவும் முடியாது. தேவை நிறுவப்பட்டதும் வழியை நீதிமன்றமே அளிக்கிறது. ஈட்டையும் அதுவே தீர்மானிக்கிறது. மறுக்கும் வல்லமை அகன்றதும், அவ்வல்லமைக்காகக் கேட்கப்படும் விலையும் அகன்றுவிடுகிறது.

இதே மரபு பாதையை இடம்மாற்றும் வினாவையும் எதிர்கொண்டது. எல்லை வரையறுக்கப்பட்ட பாதையைக் காணிச் சொந்தக்காரர் தம் விருப்பில் நகர்த்தலாமா? தென்னாபிரிக்காவின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் பழைய ஒல்லாந்த நூல்களை மீளநோக்கி இதற்கு விடையளித்தது. பாதைக்குரியவருக்குப் பாதகம் விளையாதெனின், மாற்றுவதற்கான செலவைக் காணிச் சொந்தக்காரர் ஏற்பாரெனின், இடமாற்றம் அனுமதிக்கப்படலாம். இத்தீர்ப்பு அபிவிருத்தியாளருக்குச் சாதகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் உட்பொருளும் கவனிக்கற்பாலது. வீட்டுக்காரருக்குப் பாதையின் பயன் பாதுகாக்கப்படுகிறது. அயலவரின் ஆதாயத்தில் பங்குகேட்கும் வாய்ப்புப் பாதுகாக்கப்படவில்லை.

இங்கிலாந்து: மறுப்பு விலையாகிய வரலாறு

இங்கிலாந்தின் வரலாறு வேறு திசையிற் சென்றது. அங்கு வழியுரிமை மிகக் கண்டிப்பாக விளக்கப்பட்டது. ஒரு காணிக்கென அளிக்கப்பட்ட வழியைக் கொண்டு அதற்கப்பாலுள்ள மற்றொரு காணியை அடையலாகாது என்ற விதியை 1904 ஆம் ஆண்டின் மேன்முறையீட்டுத் தீர்ப்பொன்று உறுதிசெய்தது. இதனால், தனியார் ஒழுங்கை ஒன்றின் ஓரத்தில் வாழும் சாதாரண வீட்டுக்காரரும், பின்புறத்தே கிடக்கும் நிலத்தின் அபிவிருத்தியைத் தடுக்கும் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். உரிமையை மீறுபவருக்கு எதிராகத் தடையுத்தரவு பெறலாம் என்பது இவ்வல்லமையின் ஆணிவேர்.

1858இல் நிறைவேறியதும் கெயன்ஸ் பிரபுவின் பெயரால் அறியப்படுவதுமான சட்டம் இதில் ஒரு மாற்றத்தைப் புகுத்தியது. தடையுத்தரவுக்குப் பதிலாகப் பணஈடு அளிக்கும் அதிகாரம் சான்சரி நீதிமன்றத்துக்கு வழங்கப்பட்டது. கைத்தொழில் முதலாளித்துவம் நகரங்களை மாற்றியமைத்துக்கொண்டிருந்த காலம் அது. இவ்வதிகாரத்தை எப்போது பயன்படுத்துவது என்பதை 1895 ஆம் ஆண்டின் ஷெல்பர் வழக்கு வரையறுத்தது. ஊறு சிறிதாயிருத்தல், பணத்தால் மதிப்பிடக்கூடியதாயிருத்தல், சிறுதொகையால் ஈடுசெய்யக்கூடியதாயிருத்தல், தடையுத்தரவு பிரதிவாதியை நசுக்குவதாயிருத்தல் என நான்கு நிபந்தனைகள் கூறப்பட்டன. பணங்கொடுத்துத் தவறிழைக்கும் உரிமையை வாங்க நீதிமன்றம் இடமளிக்கலாகாது என்ற கவலையும் அத்தீர்ப்பில் வெளிப்பட்டது.

பணத்தைத்தான் கொடுப்பதெனின் எவ்வளவு? 1961இல் காணித் தீர்ப்பாயத்தின் முன்வந்த ஸ்ரோக்ஸ் வழக்கு இதற்கொரு பின்னத்தைத் தந்தது. அபிவிருத்திக்குரிய நிலத்தைத் திறந்துவிடும் நுழைவழியைக் கையில் வைத்திருப்பவருக்கு, அதனால் ஏற்படும் பெறுமதி உயர்வில் மூன்றிலொரு பங்கு உரியது என்பது அதன் சாரம். அன்றுமுதல் மதிப்பீட்டாளரின் நாவில் இம்மூன்றிலொன்று ஒரு மந்திரம்போல் நிலைபெற்றது. தம் வீட்டுப்பாதைக்கு விலைபேசும் சிறு உடைமையாளரும் இதனையே எடுத்துக்காட்டுவர்.

ஆயின் அவ்வழக்கின் வரலாறு இம்மந்திரத்துக்கு நேர்மாறானது. அங்கு நுழைவழியை வைத்திருந்தது கேம்பிறிட்ஜ் மாநகரசபை. கட்டாயமாக எடுக்கப்பட்ட நிலத்தின் சொந்தக்காரருக்கு எவ்வளவு ஈடு கொடுப்பது என்பதே வழக்கு. அவர் தம் நிலத்தை அபிவிருத்தி செய்திருப்பின் மாநகரசபையிடமே நுழைவழியை வாங்கியிருக்க வேண்டும் என்று கூறி, அவருக்குரிய அபிவிருத்திப் பெறுமதியில் மூன்றிலொன்று கழிக்கப்பட்டது. சிறியவரின் ஆயுதமாகக் கருதப்படும் விதி, அதிகாரசபையின் கையிலிருந்த துண்டு நிலத்தை மதிப்பிடுகையில் தனி உடைமையாளருக்கு எதிராகப் பிறந்ததாகும்.

வீட்டுக்காரர் தாமே வழக்காளிகளாக வந்தபோது நிகழ்ந்தது என்ன? 1975 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெறும் வழக்கொன்று இதனைத் தெளிவாக்குகிறது. தனியார் வீதியொன்றின் ஓரத்தே வாழ்ந்த ஒருவர், தம் வீட்டுக்கு அடுத்திருந்த நிலத்தில் இரண்டாவது வீடொன்றைக் கட்டி, தம் பழைய வழியுரிமையால் அங்கு போய்வரலானார். ஏனைய ஐவர் வழக்கிட்டனர். உரிமை மீறப்பட்டது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் வீடு எழும்புவதைக் கண்டும் அவர்கள் தாமதித்தமையால் தடையுத்தரவு மறுக்கப்பட்டது. புதுவீட்டால் விளைந்த ஆதாயம் 5,000 பவுண் எனக் கருதப்பட்டு, அதில் 2,000 பவுண் ஈடாக விதிக்கப்பட்டது. மொத்தத்தில் அது ஐந்தில் இரண்டு பங்கு. ஐவருக்கும் பிரித்தபோது ஆளுக்கு 400 பவுண்.

சோமர்செற் பகுதியின் பிறிட்ஜ்வோற்றரில் பத்து வீடுகள் கொண்ட தனியார் வீதி தொடர்பாக எழுந்த வழக்கு 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அடைந்தது. அங்கும் பின்னாலிருந்த துண்டில் வீடு கட்டப்பட்டது. அங்கும் தடையுத்தரவு மறுக்கப்பட்டது. வழியுரிமைக்கும் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் தளர்வுக்கும் நியாயமாகப் பேசக்கூடிய விலை 6,250 பவுண் எனக் கணிக்கப்பட்டது. வழக்கிட்ட வீட்டுக்காரர் ஏனைய ஒன்பதின்மருள் ஒருவர் என்பதால், அவருக்குக் கிடைத்தது அதில் ஒன்பதிலொன்று: 694 பவுண் 44 பென்ஸ்.

இதனோடு 1974இல் அறிக்கையிடப்பட்ட றூட்டம் பார்க் வழக்கை ஒப்பிடல் தகும். அது வழியுரிமை பற்றியதன்று. நிலத்தில் எவ்வாறு கட்டலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை பற்றியது. ஆயினும் இத்துறையின் கணிப்பு முறைக்கு அதுவே ஊற்றாயிற்று. உடன்படிக்கையை மீறி வீடுகள் கட்டப்பட்டன. எழும்பிய வீடுகளை இடிப்பது, வீடுகள் வேண்டப்படும் காலத்திற் பொறுக்கவொண்ணா விரயம் என நீதியரசர் பிறைற்மன் கருதினார். பெருநிலக்கிழமையின் பெறுமதி இம்மியளவேனும் குறையவில்லை. எனினும் இழப்பு இல்லையென்பதால் ஈடும் இல்லையென அவர் கூறவில்லை. அனுமதி கேட்டிருப்பின் நியாயமாக எத்தொகை பேசப்பட்டிருக்கும் என்று வினவி, எதிர்பார்க்கப்பட்ட 50,000 பவுண் ஆதாயத்தில் நூற்றுக்கு 5 வீதமாகிய 2,500 பவுணை விதித்தார்.

மூன்றிலொன்று, ஐந்தில் இரண்டு, நூற்றுக்கு ஐந்து என இப்பின்னங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. எனினும் மூன்றையும் பிணைக்கும் இழை ஒன்றுண்டு: நிகழாத ஒரு பேரத்தை நீதிமன்றம் நிகழ்ந்ததாகக் கற்பனை செய்கிறது. அக்கற்பனைப் பேரத்தில் விற்கப்படுவது மண்ணன்று. “முடியாது” என்று சொல்லக்கூடிய வல்லமையே. தடையுத்தரவு எளிதிற் கிடைக்கும் காலத்தில் அவ்வல்லமைக்கு விலை கூடுகிறது. அரிதாகும் காலத்திற் குறைகிறது. ஷெல்பர் நிபந்தனைகளை இயந்திரம்போற் பிரயோகிக்கலாகாது என ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் 2014இல் கூறியமையும், பேரத்தொகை ஈட்டின் எல்லைகளை 2018இல் வரையறுத்தமையும் இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கன.

இச்சந்தர்ப்பத்தில் ஒரு சொல் பற்றியும் குறிப்பிடல் வேண்டும். அபிவிருத்தியைத் தடுத்து நிற்கும் சிறுதுண்டு நிலத்தை ஆங்கிலேய மதிப்பீட்டாளர் கடத்தல்காரர் கேட்கும் மீட்புப்பணத்தின் பெயரால் அழைப்பர். பெரு நிலவுடைமையாளர் விலை உயரும்வரை நூற்றுக்கணக்கான ஏக்கரைக் காத்துவைத்திருப்பின் அது உடைமை. ஒழுங்கையோரத்து வீட்டுக்காரர் பத்தடிப் பாதையைக் காத்துநிற்பின் அது பணயம். சொல்லாட்சியிலும் வர்க்கநோக்கு உறைந்திருப்பதை நாம் காண்கிறோம்.

உயர்ந்த பெறுமதி எவருடையது?

பேரம் பேசும் இருவரும் ஒரு கேள்வியை எழுப்புவதில்லை. அந்த 30 பங்கு உயர்வை ஆக்கியவர் யார்? அபிவிருத்தியாளர் இன்னும் ஒரு கல்லையும் நாட்டவில்லை. வீட்டுக்காரரும் பாதையில் நடந்ததன்றி எதுவுஞ் செய்யவில்லை. நகரம் வளர்ந்தது, தெரு போடப்பட்டது, பாடசாலையும் வைத்தியசாலையும் அண்மையில் எழுந்தன. அவற்றை ஆக்கியது சமூகத்தின் உழைப்பு. நிலவாடகையின் தோற்றத்தை 1817இல் றிக்காடோ ஆராய்ந்தார். உழைப்பின்றி உயரும் நிலப்பெறுமதி வரிமூலம் சமூகத்தைச் சேரவேண்டும் என்ற கோரிக்கையை ஜோன் ஸ்ரூவட் மில் முன்னின்ற நிலவுரிமைச் சீர்திருத்தச் சங்கம் 1871இல் முன்வைத்தது.

இக்கருத்து இங்கிலாந்தில் ஒருமுறை சட்டமாகவும் ஆகியது. இரண்டாவது உலகப்போருக்குப் பின் தொழிற்கட்சி அரசாங்கம் நிறைவேற்றிய 1947 ஆம் ஆண்டின் நகர நாட்டுத் திட்டமிடற் சட்டம், நிலத்தை அபிவிருத்தி செய்யும் உரிமையை அரசுடைமையாக்கிற்று. அனுமதியால் உயரும் பெறுமதி முழுவதும் கட்டணமாக அறவிடப்பட்டது. அத்தகைய ஏற்பாட்டிலே நமது எடுத்துக்காட்டின் 30 பங்கும் சமூகத்தைச் சேரும். பங்கிடுவதற்கு ஆதாயம் இல்லாதபோது பாதையின் விலை மீண்டும் அதன் பயன்பாட்டை நோக்கித் திரும்பும். ஆயின் அக்கட்டணத்தைப் பழைமைவாதக் கட்சி அரசாங்கம் 1953இல் ஒழித்தது. 1959 ஆம் ஆண்டின் சட்டம் அரசு எடுக்கும் நிலத்துக்கும் சந்தை விலையை மீட்டளித்தது. ஸ்ரோக்ஸ் வழக்கின் மூன்றிலொன்று அதற்கு இரண்டாண்டுகளின் பின் தோன்றியமை வரலாற்றுக் காரணமுடையது. அபிவிருத்திப் பெறுமதி தனியாரிடம் மீண்ட பின்னரே அதனைப் பங்கிடும் கணக்கும் தேவைப்பட்டது.

பொதுத்தேவையும் விலையும்

அபிவிருத்தி செய்வோர் தனியாரல்லாது அரசாயின் நிலைமை யாது? இவ்வகையில் நமக்கு அண்மையதான வழக்கு ஒன்று சென்னை மாகாணத்து விசாகப்பட்டினத்திலிருந்து எழுந்து, 1939இல் கோமறைக் கழகத்தில் முடிவுற்றது. துறைமுகத்துக்கு அருகில் எடுக்கப்பட்ட காணியில் நல்ல குடிநீரூற்று ஒன்று இருந்தது. அந்நீரை வாங்கக்கூடியவர் துறைமுக அதிகாரிகள் மட்டுமே. வாங்குவோர் ஒருவரேயாயினும், அவரே காணியை எடுப்பவராயினும், ஊற்றின் சிறப்புப் பயனுக்கு விலையுண்டு எனக் கழகம் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகளின் பின், 1947இல், திரினிடாட் தீவின் கற்சுரங்க வழக்கில் அதே கழகம் இதற்கொரு வரம்பு கட்டியது. எந்தத் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ அத்திட்டமே உண்டாக்கிய விலையுயர்வு ஈட்டிற் சேராது என்பது அவ்வரம்பு. இவ்விரு விதிகளுக்கும் இடையிலேதான் இன்றும் மதிப்பீட்டாளர் வழக்காடுகின்றனர்.

வழியுரிமை போன்றவற்றை அரசு சட்டப்படி மேவிச்செல்லும்போது அளவுகோல் மேலும் சுருங்குகிறது. 1974இல் ஆதாயப் பங்கைப் பெற்ற அதே றூட்டம் பார்க் நிலக்கிழமை, 1993இல் உள்ளூராட்சிச் சபையொன்றுக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நின்றது. அங்கு உடன்படிக்கை சட்டத்தின் வலிமையால் மேவப்பட்டிருந்தது. ஆகவே நிலக்கிழமையின் பெறுமதி எவ்வளவு குறைந்ததோ அவ்வளவே ஈடு. ஆதாயத்திற் பங்கில்லை எனத் தீர்ப்பாயிற்று. மறுக்கும் வல்லமையைச் சட்டம் பறித்தபின் அதற்கு விலை கேட்க இயலாது என்பதே இதன் தருக்கம். தென்னாபிரிக்கத் தேவைவழித் தீர்ப்பில் நாம் கண்டதும் இதுவே.

இத்தருக்கத்தில் நியாயம் உண்டு. வறியோருக்கு வீடமைக்கும் சபையிடம் ஆதாயப் பங்கு கேட்பது முறையன்று. ஆயின் இங்கிலாந்தின் 2016 ஆம் ஆண்டின் வீடமைப்பு, திட்டமிடற் சட்டம் பொது அதிகாரசபையின் கைக்கு வந்த நிலத்தில் இவ்வாறு வழியுரிமையை மேவ இடமளிக்கிறது. அந்நிலத்தில் இறுதியிற் கட்டி விற்பவர் தனியார் அபிவிருத்தியாளராகவும் இருக்கலாம். அப்போது வீட்டுக்காரருக்கு இழப்பின் அளவுகோலும், அபிவிருத்தியாளருக்குச் சந்தையின் அளவுகோலும் பொருந்துகின்றன. பொதுத்தேவை என்ற பெயரால் குறைந்த விலைக்கு வாங்கப்பட்டது, தனியார் ஆதாயமாகக் கூடிய விலைக்கு விற்கப்படுகிறது. நாம் எதிர்க்கவேண்டியது இம்மாற்றத்தையே.

இலங்கை: எழுதப்பட்ட பாதையும் எழுதப்படாத பாதையும்

இலங்கையிலே வழியுரிமை மூன்று வகையால் நிறுவப்படலாம். ஒன்று, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேண்டும் முறையில் நொத்தாரிசு முன் முடிக்கப்பட்ட உறுதி. இரண்டு, 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பத்தாண்டுக் காலத் தடையற்ற பயன்பாடு. மூன்று, முன்னர்க் கூறிய தேவைவழி. 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் இவ்வுரிமையை மதிக்கிறது. காணியில் வழி முதலிய உரிமை உடையவரும் அச்சட்டத்தின்படி அக்காணியில் அக்கறையுடையவரே; அவரும் ஈடுகோரலாம்.

ஆயினும் இரு இடங்களில் இவ்வுரிமை எளிதில் நழுவிவிடுகிறது. முதலாவது பாகப்பிரிவினை வழக்கு. கூட்டுடைமைக் காணிகள் மிகுந்த நம் நாட்டில், விற்பனைக்கு முன்னோடியாக இவ்வழக்குகள் எழுவது வழமை. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, இறுதித் தீர்ப்பில் குறிப்பிடப்படாத பொறுப்புகள் அனைத்திலிருந்தும் காணி விடுபடுகிறது. அப்பொறுப்புகளுள் வழியுரிமையும் அடங்கும். அயற்காணியில் பிரிவினை வழக்கு நடப்பதை அறியாதிருந்த வீட்டுக்காரர், தம் உறுதியில் எழுதப்பட்டிருந்த பாதையையும் இழக்கும் அபாயம் இதில் உள்ளது. விலை பேசுமுன்னரே பேசவேண்டிய பொருள் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது இடம் சமூக வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. பத்தாண்டு நடந்தால் உரிமை பிறக்கும் என்பது பொதுவிதி. ஆனால் எவ்வாறு நடந்தார் என்பதைச் சட்டம் கேட்கிறது. சொந்தக்காரரின் இசைவுடன் நடந்தவருக்கு எத்தனை ஆண்டு சென்றாலும் உரிமை பிறவாது. இரந்து பெற்ற அனுமதி உரிமையாகாது என்ற உரோமக் கோட்பாடு இங்கும் இங்கிலாந்திலும் ஒருங்கே நிலவுகிறது. நிலவுடைமையாளரின் காணியில் அவர் தயவில் குடியிருந்த தொழிலாளரையும், சாதியால் ஒடுக்கப்பட்டுப் பிறர் படலையைத் திறக்க இசைவுகேட்டு நின்றவரையும் நினைத்துப்பார்ப்போம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தனர். ஆனால் இசைவுடன் நடந்தனர். எதிர்த்து நடக்க வலுவுள்ளவருக்குச் சட்டம் உரிமையளித்தது. பணிந்து நடக்கவேண்டியிருந்தவருக்கு அளிக்கவில்லை. அக்காணி பிற்காலத்திற் பேர்ச் கணக்கில் விற்கப்படுகையில், முன்னவரின் பாதைக்கு விலை உண்டு. பின்னவரின் பாதை விலைப்பட்டியலிலேயே இல்லை. தேவைவழிக் கோட்பாடும் அவருக்கு முழுத்துணையாகாது. அதனைக் கோருவதற்கு முதலில் தமக்கெனக் காணி ஒன்று இருத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. வழியுரிமையின் விலை பாதையின் அகலத்தாலோ அதன் அத்தியாவசியத்தாலோ தீர்மானிக்கப்பட்டதில்லை. மறுக்கும் வல்லமையின் அளவே விலையின் அளவாக இருந்தது. அவ்வல்லமையோ உறுதி எழுதுவித்தவருக்கும், வழக்காடப் பணமுள்ளவருக்கும், காத்திருக்கக்கூடியவருக்கும் வாய்த்தது. பாதை யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அதன் விலை மிகக் குறைவாகக் கிடைத்தது.

இதிலிருந்து விடுபட, மூன்று அளவுகோல்களையும் ஓர் ஒழுங்கில் நிறுத்தல் வேண்டும் என்பது நமது துணிபு. முதலில் பாதைக்குப் பாதையே ஈடு. ஒத்த வசதியுள்ள மாற்றுவழி வரையப்பட்டு, உறுதியிலும் நில அளவைப் படத்திலும் பதியப்பட்டு, திறக்கப்பட்ட பின்னரே பழைய வழி மூடப்படல் வேண்டும். எழுதப்படாத வழியால் நெடுங்காலம் நடந்த குடியிருப்பாளருக்கும் இப்பாதுகாப்பு நீளல் வேண்டும். அடுத்தது இழப்பீடு. மாற்றுவழியால் வீட்டின் பெறுமதியும் வாழ்வும் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவும் பணமாக அளிக்கப்படல் வேண்டும். இதிலே தனியார் திட்டத்துக்கும் பொதுத் திட்டத்துக்கும் வேறுபாடு இருக்கலாகாது. இறுதியிலேயே ஆதாயப் பங்கு. தனியார் ஆதாயத்துக்கான திட்டமெனின் வீட்டுக்காரர் அதிற் பங்குகேட்பது நியாயமே. அபிவிருத்தியாளருக்கு அவ்வுயர்வில் எவ்வுரிமை உண்டோ அதனினும் குறைந்த உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. ஆனால் சமூகம் ஆக்கிய பெறுமதியைச் சமூகமே எடுத்துக்கொள்ளும் திட்டமெனின், முதலிரண்டும் நிறைவேறியபின் மூன்றாவதை விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

நடைமுறையில் உள்ளவருக்கு இவ்வரலாறு தரும் பாடமும் ஒன்றுண்டு. 1975 ஆம் ஆண்டு வழக்கின் ஐவர் உரிமையில் தோற்கவில்லை, காலத்தில் தோற்றனர். சுவர் எழும்பியபின் நீதிமன்றம் சுவரையே பார்க்கிறது. எல்லைக்கல் நாட்டப்படும் அன்று எழும் குரலுக்கே முழு மதிப்பு உண்டு. அக்குரல் தனியொரு வீட்டின் குரலாக இருப்பதினும், அவ்வழியால் நடக்கும் அனைவரின் குரலாக, உறுதி உள்ளவரும் இல்லாதவரும் ஒருங்கு சேர்ந்து எழுப்பும் குரலாக இருத்தல் வேண்டும். தனித்தனியே பேரம் பேசியபோது ஒன்பதிலொன்று கிடைத்ததையும் வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது.